வலைக்கன்னி திரும்பி வந்த பகல்

முல்லைத்தீவு
6.3.1963

தங்கச்சி மலருக்கு,

சுகம் கேட்டு எழுதவில்லை. கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்றுக் காலை சிற்றம்பலத்தின் சலூனில் சவரம் செய்யக் குந்தியிருந்தேன். பாதி முகம் சவர்க்கார நுரையோடு இருக்கும்போது அவன் கத்தியை வைத்துவிட்டு ஒரு வாரப் பத்திரிகையை எடுத்தான். “உங்கட தங்கச்சியெல்லே தொடர்கதை எழுதத் தொடங்கியிருக்கிறா, கேளுங்கோ” என்று எல்லோருக்கும் கேட்க வாசித்தான். ‘வலைக்கன்னி சொன்ன கதை. எழுதுபவர்: புனிதமலர் சந்தியாப்பிள்ளை.’ தகப்பன் பெயரென்று அப்புவின் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறாய்.

“பிடித்தவன் நிலவைப் பிடித்தேன் என்று பாடினான். பிடிபட்டவளுக்குத் தெரிந்ததோ வலைக்கண்ணி எத்தனை விரல் அகலம் என்பது மட்டும்.” இதுதான் நீ எழுதியது. அங்கே இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவன் கேட்டான்: “மரியநேசண்ணை, இது உங்கட அம்மாவின்ர கதையோ?” நுரையோடு எழுந்து வந்துவிட்டேன்.

கதை என்ன, மலர்? ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த கதை. வலைராசன் நாயாற்று முகத்துவாரத்தில் ஒரு கடற்கன்னியை வலையில் பிடித்தான். அவளுடைய செதிலாடையை வீட்டு முகட்டில் ஒளித்து வைத்தான். தாலி கட்டினான், சோறு போட்டான், இரண்டு பிள்ளை கொடுத்தான். ஒருநாள் ஆடை கையில் கிடைத்ததும் அவள் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடலுக்கு ஓடினாள். பிறகு கடலும் ஏற்கவில்லை, கரையும் ஏற்கவில்லை. நாயாற்று முகத்தில் கல்லாகி நிற்கிறாள். அப்பு முப்பது வருடம் வலைராசனாக ஆடிய கூத்து இது. இதில் நீ புதிதாக எழுத என்ன கிடக்கிறது?

அவர் ஒரு கை ஒரு கால் வழங்காமல் சாய்மனைக் கதிரையில் கிடக்கிறார். உன் பெயர் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறார். நான் என்ன செய்ய?

நிறுத்திவிடு.

மரியநேசன்


வவுனியா
14.3.1963

அண்ணாவுக்கு,

நிறுத்த மாட்டேன். பத்து அத்தியாயம் எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியர் யோகநாதனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. முப்பத்தொரு வயதில் நான் முதன்முதலாக வாய் திறந்திருக்கிறேன். ஒரு நுரைமுகத்துக்காக அதை மூட முடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கூத்து விடிய விடிய நடக்கும். அதில் வலைக்கன்னிக்குப் பதினொரு வரிதான் பாட்டு. அதையும் மீசை மழித்த ஓர் ஆண்தான் பாடுவார். அவள் எங்கிருந்து வந்தாள், அங்கே யார் அவளைத் தேடினார்கள், கரைத்தண்ணீர் அவளுக்குக் குடிக்கக் கூடியதாக இருந்ததா என்று முப்பது வருடத்தில் அப்புவும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கேட்கக் கேட்க அவள் சொன்னாள். என் கதையில் கடலுக்கடியில் அவளுக்கு ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பேச்சு கிடையாது. ஒருவர் கையை ஒருவர் தொட்டால் நினைத்தது விளங்கிவிடும். அந்த ஊரிலிருந்து வந்தவளிடம் வலைராசன் “ஏனடி வாய் திறக்கிறாயில்லை?” என்று கேட்டுக் கேட்டு அடிக்கிறான். இது என் கற்பனை. இதில் நம் வீடு எங்கே இருக்கிறது?

ஒன்று கவனித்தேன். என் கதையில் அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. அம்மாவைக் கொண்டுவந்தது சலூன்காரர்களும் நீங்களும்தான். இருபத்தைந்து வருடமாக நம் வீட்டில் யாரும் வாயால் எடுக்காத சொல்லை நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவாவது நான் எழுதியது வீணில்லை.

அப்பு கேட்டால் வாசித்துக் காட்டுங்கள். தன் வேடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க அவருக்கு ஒரு சந்தர்ப்பம்.

பிலோமினாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அண்ணிக்கும்.

மலர்


முல்லைத்தீவு
2.4.1963

மலருக்கு,

உன் அன்பை உன் மருமகளிடம் சொல்ல முடியாது. அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அல்பேர்ட் சம்மாட்டியின் மூத்த மகனுக்கு பிலோமினாவைக் கேட்டு வந்திருந்தார்கள். இரண்டு கரைவலை, சொந்தத் தோணிகள், குடிவெறி இல்லாத பிள்ளை. எங்கள் தகுதிக்கு மேலான இடம். உனக்கு எழுதி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். சென்ற ஞாயிறு பூசை முடிந்து வரும்போது சம்மாட்டியின் மனைவி கோயில் வாசலில் நின்று என் மனைவியிடம் சொன்னா: “றோசலின், பெட்டை நல்ல பெட்டைதான். ஆனா அப்பம்மாவின்ர குணம் ரத்தத்தில இருக்குமெண்டு சனம் கதைக்குது. இப்ப பேப்பரிலயும் வருது. கதை முடியட்டும், பாப்பம்.”

கதை முடியட்டும் என்றால் உன் கதை. உன் பத்தாம் அத்தியாயத்துக்காக என் மகளின் கலியாணம் காத்துக் கிடக்கிறது.

நாலாம், ஐந்தாம் அத்தியாயங்களை நானே வாசித்தேன். வலைராசன் துடுப்பால் அடிக்கிறான், அவளுடைய இடது தோள் இறங்கிப்போகிறது, பிறகு அந்தக் கையால் தண்ணீர் அள்ள அவளால் முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அப்போது ஆறு வயது. இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பு அடித்தார். நான் இல்லையென்று சொல்லவில்லை. எந்த வீட்டில் அடிக்கவில்லை? அடித்ததற்காகப் பிள்ளைகளை விட்டுப் போவதா? நாயாற்றில் மீன்வாடிக் கொட்டில் போட்டிருந்த நீர்கொழும்புக்காரன் ஒருவனோடு அவ போனா. ஊருக்கே தெரியும். போனவ போனவதான். உன்னைத் தூக்கி வளர்த்தது நான். உன் தலையில் பேன் பார்த்தது நான். வவுனியாவில் விடுதியில் விட்டுப் படிப்பித்தது நான். அதையும் ஓர் அத்தியாயமாக எழுது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கதையைக் கூத்தில் இருக்கிறபடி முடி. அவள் கல்லாகட்டும். ஊர் வாய் அடங்கும். பிலோமினா உனக்கும் பிள்ளைதான்.

மரியநேசன்


வவுனியா
9.4.1963

அண்ணாவுக்கு,

நீங்கள் என்னை வளர்த்தீர்கள். அதை மறந்தவள் இல்லை. என் தலையில் பேன் பார்த்த அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று முன்தினம் வந்த ஆறாம் அத்தியாயத்தை வாசித்திருப்பீர்கள். வலைக்கன்னிக்கு முகட்டில் செதிலாடை கிடைக்கிறது. ஆனால் ஏழு வருடம் புகைபட்டு அது உலர்ந்து வெடித்துப் போயிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போக முடியாது. அவள் நாயாற்றில் தன் இனத்தாள் ஒருத்தியிடம் போகிறாள். பன்னிரண்டாம் நாள் நடுப்பகலில் பிள்ளைகளிடம் திரும்பி வருகிறாள். மூத்தவன் வேலிப் படலையைச் சாத்தி, கதவையும் சாத்துகிறான்.

அவள் போன இடம் என் ஊகம். திரும்பி வந்ததை நான் கற்பனை செய்யவில்லை.

அம்மா போய்ப் பன்னிரண்டாம் நாள், விரல் விட்டு எண்ணியிருந்தேன். வெயில் நேரம். அப்பு கரைவலைக்குப் போயிருந்தார். குசினியில் நீங்கள் எனக்குக் கஞ்சி தந்துகொண்டிருந்தீர்கள். படலை அசைந்தது. நீங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, குறுக்குத்தடி போட்டீர்கள். என்னை இழுத்து மடியில் வைத்து வாயைப் பொத்தினீர்கள். வெளியில் ஒரு பெண் குரல்: “தம்பி, தண்ணி மட்டும் தா ராசா. பிள்ளையை ஒருக்காக் காட்டு, போயிடுறன்.” திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னது. பிறகு நின்றுவிட்டது. நீங்கள் என்னிடம், “பைத்தியக்காரி. பிள்ளை பிடிக்கிறவள்” என்றீர்கள். நான் நம்பினேன். என்னைக் காப்பாற்றினீர்கள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகு ஒருநாள் அந்தக் குரல் திடீரென்று நினைவுக்கு வந்தது. பைத்தியக்காரி ஒருத்தி உங்களை ஏன் “ராசா” என்று கூப்பிட வேண்டும்? நீர்கொழும்புக்காரனோடு போனவ பன்னிரண்டாம் நாள் ஏன் தண்ணீர் கேட்டு வர வேண்டும்?

கதையில் ஆயிரம் சொல்லலாம். இது கடிதம். நேரே கேட்கிறேன். கதவுக்கு வெளியில் நின்றது யார்?

மலர்


முல்லைத்தீவு
12.4.1963, பெரிய வெள்ளி

மலருக்கு,

அது ஒரு பிச்சைக்காரி.

உயிர்த்த ஞாயிறுக்கு நீ வர வேண்டாம். அப்புவுக்கு ஏலாது. எனக்கும் ஏலாது.

ம.


முல்லைத்தீவு
24.4.1963

தங்கச்சிக்கு,

சென்ற கடிதத்தைப் பெரிய வெள்ளியன்று எழுதினேன். சிலுவைப் பாதை முடிந்து வந்து, முழங்கால் நோவோடு குந்தி, பொய் எழுதி ஒட்டினேன். அன்றிலிருந்து வலையில் கை வைக்க முடியவில்லை. நாலாவது முறையாக இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பாராதே. நான் ஐந்தாம் வகுப்பு.

அம்மாதான்.

அவ ஒருவனோடும் போகவில்லை. தோள் இறங்கின பிறகு, நாயாற்றில் இருந்த தன் பெரியம்மாவின் மகளிடம் எண்ணெய் கட்டப் போனா. அப்புவிடம் கேட்காமல் போனா. அந்த மாதம் நாயாற்றில் நீர்கொழும்பு வாடிகள் போட்டிருந்தார்கள். அது போதுமாக இருந்தது. மூன்றாம் நாளே அப்பு தன் கரைவலை வாடியில் எல்லோருக்கும் முன்னால், அவள் ஓடிவிட்டாள் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, அவ திரும்பி வந்தால் அவர் பொய்யனாக வேண்டும். அதனால் அவ வரக்கூடாது.

ஒவ்வொரு நாளும் வலைக்குப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்: “அவள் வந்தாத் திறக்காதை. திறந்தியெண்டா நீயும் அவளோட போ. சின்னனை நான் கன்னியர் மடத்தில விடுறன்.” உன்னை மடத்தில் விடுவார் என்றுதான் பயந்தேன். இப்படி எழுதிவிட்டு யோசிக்கிறேன். அது மட்டும்தானா? இல்லை. சலூனிலும் கரையிலும் சனம் கதைத்ததை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். எனக்குப் பதினேழு வயது. வெட்கமாக இருந்தது. வந்தவ வெள்ளைச் சீலையோடு, வெறுங்காலோடு, ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தா. ஓலை இடுக்கால் பார்த்தேன். தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

இதோடு முடிந்தால் நான் இவ்வளவு பெரிய பாவியில்லை.

ஒரு மாதம் கழித்து, தண்ணீரூற்று ஊரிலிருந்து கச்சு முகம்மது என்ற வியாபாரி மாட்டுவண்டியோடு வந்தார். கருவாடு வாங்க வழமையாக வருகிற மனிதர். அப்பு கரையில் நின்றார். வீட்டில் நான்தான். “தம்பி, உங்கட உம்மா எங்கட வீட்டில காய்ச்சலோட கிடக்கிறா. முள்ளியவளை ரோட்டில மரத்துக்குக் கீழ இருந்தவ. என்ர மனுசி பாக்கிறா. பிள்ளையளைக் கேக்கிறா. வண்டியில ஏறுங்கோ, பின்னேரம் கொண்டுவந்து விடுறன்” என்றார். ஆறேழு மைல்தான். வண்டி வாசலில் நின்றது. மாடு அசை போட்டுக்கொண்டு நின்றது. நான் சொன்னேன்: “எங்களுக்குத் தாய் இல்லை.”

அந்த மனிதர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பவும் வந்தார். இந்த முறை அப்பு இருந்தார். அம்மா இறந்துவிட்டா என்று சொல்ல வந்திருந்தார். அப்பு வலையிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆளை மாறி வந்திட்டியள்” என்றார்.

அந்த வருடமும் அப்பு கூத்து ஆடினார். கடைசியில் கன்னி கல்லாகும் இடத்தில் ஊர் எழுந்து கைதட்டியது. நான் பின்பாட்டுப் பாடினேன்.

இப்போது சொல்கிறேன். பிலோமினாவின் கலியாணம் நின்றால் நிற்கட்டும். நீ உனக்குத் தெரிந்தபடி முடி. கதவை எழுது. மூத்தவனை எழுது. வண்டிக்காரனையும் எழுது. அவள் கல்லாகவில்லை என்று எழுது.

மரியநேசன்


வவுனியா
25.4.1963

அண்ணாவுக்கு,

உங்கள் இரண்டு வரிக் கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இனி வரும் என்றும் எதிர்பார்க்கவில்லை. பிச்சைக்காரி என்றால் பிச்சைக்காரியாகவே இருக்கட்டும்.

பிலோமினா எனக்கு எழுதியிருந்தாள். உங்களுக்குத் தெரியாமல்தான். கோபிக்க வேண்டாம். “மாமி, உங்கட கதையை வாசிச்சு நான் அழுதனான். ஆறாம் அத்தியாயத்தை என்ர தலகாணிக்குக் கீழ வைச்சிருக்கிறன். ஆனா மாமி, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. கதையில ஒரு பொம்பிளைக்காக நிசத்தில ஒரு பொம்பிளையை விட்டிடாதேங்கோ” என்று எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியை மூன்று நாள் சுமந்து திரிந்தேன்.

நான் எழுதி வைத்திருந்த பத்தாம் அத்தியாயத்தை நீங்கள் இனி வாசிக்கப் போவதில்லை. என்னவென்று மட்டும் சொல்கிறேன். மூடிய கதவுக்கு முன்னால் நின்ற வலைக்கன்னி திரும்பிப் போகவில்லை. கூரைக் கிடுகைப் பிரித்து இறங்குகிறாள். வெடித்துப்போன செதிலாடையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தன் சின்ன மகளுக்குச் சுற்றுகிறாள். மகளைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் நடக்கிறாள். கழுத்தளவு தண்ணீரில் பிள்ளை பயந்து அழுகிறது. தலை மூழ்கியதும் அழுகை நின்றுவிடுகிறது. ஏனென்றால் அங்கே பேச்சு வேண்டியதில்லை. தாயின் கை பட்டதும் எல்லாம் விளங்கிவிடுகிறது. அந்த ஏழு வருடமும் தன் தாய் யாராக இருந்தாள் என்று பிள்ளைக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.

அதைக் கிழித்துப் போட்டேன். வேறு ஒன்று எழுதி நேற்று யோகநாதனுக்கு அனுப்பிவிட்டேன். அதில் அவள் கல்லாகிறாள். நாயாற்று முகத்தில், கூத்தில் நிற்கிற அதே இடத்தில். சம்மாட்டி வீட்டாருக்குச் சொல்லுங்கள், கதை நல்லபடி முடிந்தது என்று.

மலர்


வவுனியா
13.5.1963

அண்ணாவுக்கு,

என் கடிதத்தை நான் தபாலில் போட்ட அன்று உங்கள் கடிதம் எங்கோ வழியில் வந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் மறைத்ததை இரண்டு நாள் முன்னதாக எழுதியிருக்கலாம்.

வாசித்த உடனே, முடிவை மாற்ற வேண்டும் என்று யோகநாதனுக்குத் தந்தி அடித்தேன். “பக்கங்கள் அச்சாகிவிட்டன. முடிவு மிக நன்று. வாசகர் போற்றுவர்” என்று பதில் வந்தது. போற்றுகிறார்கள். பதினெட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பண்பாட்டை மீறாமல் முடித்ததற்குப் பாராட்டு.

சனிக்கிழமை தண்ணீரூற்றுக்குப் போனேன். உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி, அதற்கு முன்பே இறங்கினேன். கச்சு முகம்மது இறந்து ஒன்பது வருடம். அவருடைய மனைவி லதீபா இருக்கிறா. கண் மங்கல். மகள் மஸீனா கைபிடித்துக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினா. நான் யார் என்று சொன்னதும் லதீபா கேட்ட முதல் கேள்வி: “சின்னதோ, பெரிசோ?” சின்னது என்றேன். என் முகத்தை இரண்டு கையாலும் தடவினா.

அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“என்ர மனுசன் வண்டியில தூக்கி ஏத்திக்கொண்டு வந்தவர். அவவுக்கு உடம்பெல்லாம் நெருப்பு. கொயினா மருந்து குடுத்தம், கசாயம் குடுத்தம். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. விட்ட நேரம் சும்மா இருக்கமாட்டா. ஒரு கையால பாய் இழைப்பா. கடல் எந்தப் பக்கமெண்டு கேட்டு, அந்தப் பக்கம் பாத்து இருப்பா. மனுசன் உங்கட வீட்டை போயிட்டு வந்து, ‘பிள்ளையள் ஊரில இல்லையாம்’ எண்டு சொன்னவர். அவ சிரிச்சவ. ‘முகம்மது நானா, நீங்கள் நல்ல மனுசன், உங்களுக்குப் பொய் சொல்ல வராது’ எண்டவ. ஆடி மாதம் மூண்டாம் வெள்ளி, மத்தியானம் போயிட்டா.”

எங்கே அடக்கினீர்கள் என்று கேட்டேன்.

“எங்கட மையவாடியில அடக்க அவ எங்கட ஆளில்லை. கோயிலில கேட்டா, குடும்பத்தில ஆரும் வரவேணுமெண்டு சொல்லிப்போட்டினம். உங்கட ஓதலும் எங்களுக்குத் தெரியாது. எங்கட வளவிலதான் அடக்கினம். குளிப்பாட்டி, புதுச்சீலை உடுத்தி, மரியாதையா அடக்கினம், பிள்ளை. குறை ஒண்டும் வைக்கேல்லை.”

வளவின் மூலையில் ஒரு மேடு. ஆடு மேயாமல் முள்ளடைத்திருக்கிறார்கள். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. பெயர் எழுத அவர்களுக்கு உரிமை இல்லை என்று விட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து வருடம் வேலியை மட்டும் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், அண்ணா. நம் வீட்டிலிருந்து ஆறேழு மைலில்.

அடுத்ததை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். நீங்கள் அதற்குத் தகுதியானவர் என்று எனக்குப் படவில்லை. ஆனால் அது அம்மாவின் சொல். தடுத்து வைக்க நான் யார்? அம்மா லதீபாவிடம் சொன்னாவாம்: “மூத்தவன் கதவுக்கு அங்கால நிண்டு அழுதவன். எனக்குக் கேட்டது. அவனை ஏசாதேங்கோ.”

அம்மா மன்னித்துவிட்டா. நான் மன்னிக்கவில்லை. எனக்கு அந்தப் பெரிய மனம் இல்லை. கதவைச் சாத்தியதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. நீங்கள் பிள்ளை, வாசலில் பயம் நின்றது. ஆனால் வண்டி? வாசலில் வண்டி நின்றதே, அண்ணா. அந்த வண்டியில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. நீங்கள் உங்களுக்காக மட்டும் பதில் சொல்லவில்லை. “எங்களுக்கு” என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நான் செய்ததும் குறைவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒருவருக்குச் சொன்ன பொய்யை நான் பத்திரிகை போகிற ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். இனி எழுத மாட்டேன். யோகநாதன் அடுத்த தொடருக்குக் கேட்டிருக்கிறார். முடியாது என்று எழுதிவிட்டேன்.

கலியாணத்துக்கு வரவில்லை. பிலோமினாவுக்கு ஒரு சேலை தபாலில் அனுப்புகிறேன். அவள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் கேட்டது நியாயம். நியாயமாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

மலர்


முல்லைத்தீவு
18.6.1963

தங்கச்சிக்கு,

ஐந்தாம் திகதி பிலோமினாவின் கலியாணம் நடந்தது. நீ அனுப்பிய சேலையைத்தான் மறுநாள் உடுத்தினாள். சம்மாட்டியின் மனைவி வந்திருந்தவர்களிடமெல்லாம், “பேப்பரில கதை எழுதுற ரீச்சர்ர மருமகள்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தா. இப்போது அது பெருமை.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கலியாணத்துக்கு முதல் வாரம் தண்ணீரூற்றுக்குச் சைக்கிளில் போனேன். அந்த வளவுக்கு வெளியில் நின்றுவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை. மஸீனா கண்டு, “ஆர் வேணும்?” என்று கேட்டா. வழி மாறி வந்துவிட்டேன் என்று சொன்னேன். பார், அப்புவின் வார்த்தைதான் என் வாயிலும் வந்தது.

கலியாணம் முடிந்த பிறகு, முந்தாநாள் ஞாயிறு, அம்மாவின் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தேன். முடிந்த பிறகுதான். அதற்கு முதல் செய்யத் தைரியம் வரவில்லை. என்னை உனக்குத் தெரியும். சுவாமி பெயரைக் கேட்டார். சந்தியாப்பிள்ளை மனைவி மதலேனம்மா என்றேன். எப்போது இறந்தவ என்றார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டு, ஆடி என்றேன். பேனையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். பூசையில் அந்தப் பெயரை வாசித்தபோது ஆண்கள் பக்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பெண்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அப்புவின் கதிரைக்கு முன்னால் குந்தினேன். இருபத்தைந்து வருடத்தில் முதல்தரம் அவருக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொன்னேன்.

“அப்பு, அம்மாவுக்குப் பூசை வைச்சனான்.”

“ஆருக்கு?”

“மதலேனம்மாவுக்கு. அவ ஒருத்தரோடயும் ஓடேல்லை. திரும்பி வந்தவ. நான்தான் கதவைத் திறக்கேல்லை. நீங்கள் சொல்லித் திறக்கேல்லை. தண்ணீரூத்தில காய்ச்சலில செத்துப் போனா. கச்சு முகம்மது வந்து சொன்னவர். நீங்களும்தான் இருந்தனீங்கள்.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். வழங்குகிற கையால் அடிப்பார் என்றும் நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பக்கத்து ஸ்டூலில் பத்திரிகை கிடந்தது. உன் பத்தாம் அத்தியாயம். றோசலின் அதை அவருக்கு எத்தனையோ தரம் வாசித்துக் காட்டிவிட்டா. கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார். அந்தத் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாகச் சொன்னார்:

“விசர்க்கதை கதையாதை. அவள் ஓடினவள். கல்லாப் போனவள். நீ அஞ்சாம் வகுப்பு. மலர் ரீச்சர். அவள் எழுதினது பொய்யே?”

மரியநேசன்